குழந்தை முன்னே, நாம் பின்னே

மீன்குஞ்சுக்கு யாரும் நீந்தக் கற்பிப்பதில்லை. குழந்தைக்கும் விளையாடக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால், குழந்தையோடு விளையாடப் பெரியவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. இது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு அதைக் கற்பிக்கப் புறப்படுகிறவருக்கும் தனியே பயிற்சி வேண்டும். இரண்டனுள் அதுவே கடினமானது. அந்தப் பயிற்சியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

குழந்தை வளர்ச்சிப் பணியில் நான் சேர்ந்த புதிதில், நெசவாளர் தெரு ஒன்றில் இருந்த ஒரு வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்வந்தேன். அங்கே இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுக்குப் பேச்சு வரத் தாமதமாகியிருந்தது. என் பையில் வண்ண மரக்கட்டைகளும் படப் புத்தகமும் பந்தும் இருக்கும். நான் பாயில் உட்கார்ந்ததும் அவன் ஓடி வருவான். நான் கட்டைகளை அடுக்குவேன், அவனும் அடுக்குவான். நான் கைதட்டுவேன்; அவன் சிரிப்பான். அவன் தாய் சற்றுத் தள்ளி, ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே எங்களைப் பார்த்திருப்பாள். ஒரு மணி நேரம் கழிந்ததும் கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுவேன். என் வேலையைச் செவ்வையாகச் செய்துவருகிறேன் என்ற மனநிறைவு எனக்கு இருந்தது.

ஆறு வாரம் சென்றபின் அந்தத் தாய் சொன்னாள்: "உங்களிடம்தான் டீச்சர், இவன் இப்படி விளையாடுகிறான். எனக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?" நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். எனக்குப் பயிற்சி தந்த மூத்த அம்மையாரிடம் பெருமையோடு அதைத் தெரிவித்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த ஒரு மணி நேரமும் அந்தத் தாய் என்ன செய்துகொண்டிருந்தாள்?"

எனக்கு விடை சொல்ல வாய் எழவில்லை. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. அதில் என்னுடையது ஒன்று. எஞ்சிய 167 மணி நேரமும் அந்தக் குழந்தை அவளோடும் அவளைச் சேர்ந்தவர்களோடும் வாழ்கிறது. நானோ அவளை அவள் வீட்டிலேயே பார்வையாளராக்கிவிட்டேன். நான் திறமையாக விளையாட விளையாட, தனக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணமே அவளிடம் வளர்ந்திருக்கிறது. குழந்தைக்கு உதவப் போன நான், குழந்தைக்கு மிக வேண்டியவரின் நம்பிக்கையைக் குறைத்துவிட்டேன்.

நான் செய்த இந்தத் தவறு எங்கே பிறந்தது என்பதை உணர, இந்தத் துறையின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும்.

அமெரிக்க உளநூலாரான வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947ஆம் ஆண்டில் விளையாட்டு வழியான சிகிச்சையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மனத் துன்பமுற்ற குழந்தையை விளையாட்டறையில் அதன் போக்கிலேயே விடுவது அவர் முறை. எதை எடுப்பது, எப்படி ஆடுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். பெரியவர் வழிகாட்டமாட்டார், வழிதொடர்வார். குழந்தையின் உணர்ச்சியைக் கண்டுகொண்டு, அதை அதற்கே விளங்கும் சொல்லில் திருப்பிச் சொல்வார். தீங்கு நேராமல் காக்கும் சில வரம்புகளை மட்டும் வைப்பார். இதைத்தான் குழந்தை முன்செல்லும் விளையாட்டு என்கிறோம். ஆனால், அங்கே குழந்தையைத் தொடர்ந்து சென்றவர் நிபுணர். தாய் கதவுக்கு வெளியே இருந்தாள்.

அந்தக் கதவைத் திறந்தவர்கள் பெர்னார்டு கெர்னி, லூயிஸ் கெர்னி என்னும் தம்பதியர். இவர்களும் அமெரிக்காவைச் சேர்ந்தவர்களே. நிபுணர் செய்வதைப் பெற்றோரே செய்தால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். பெற்றோரைச் சிறு குழுக்களாகக் கூட்டிப் பயிற்சி அளித்து, வீட்டில் குறித்த நேரத்தில் தம் பிள்ளையோடு இவ்விதம் விளையாடச் செய்தார்கள். இம்முறையைப் பற்றிய கட்டுரை 1964இல் வெளிவந்தது. இங்கே நிபுணரின் தொழிலே மாறிவிட்டதைக் கவனியுங்கள். அவர் இப்போது குழந்தையோடு விளையாடுகிறவர் அல்லர்; விளையாடும் பெற்றோருக்குத் துணை நிற்பவர்.

அப்படித் துணை நிற்பவர் பெரிய பட்டம் பெற்றவராகத்தான் இருக்க வேண்டுமா? இதற்கு விடை கரீபியன் கடலில் உள்ள ஜமைக்காத் தீவிலிருந்து வந்தது. அத்தீவின் தலைநகரான கிங்ஸ்டனில், சாலி கிரான்தம் மக்ரெகர் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1986-87ஆம் ஆண்டுகளில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஏழைக் குடும்பங்களில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்த 129 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு வயது 9 மாதம் முதல் 24 மாதம் வரை. சிலருக்குக் கூடுதல் சத்துணவு கிடைத்தது, சிலருக்கு வாரந்தோறும் ஒரு மணி நேர விளையாட்டுச் சந்திப்பு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. சந்திப்புக்குப் போனவர்கள் பேராசிரியர்கள் அல்லர். சமூக சுகாதார உதவியாளர்களான சாதாரணப் பெண்கள். அவர்கள் கொண்டுபோன பொம்மைகளும் கடையில் வாங்கியவை அல்ல. வீட்டில் கழிக்கப்படும் பொருள்களால் செய்தவை. முக்கியமான செய்தி இது: அந்தப் பொம்மைகளை அவர்கள் வீட்டிலேயே விட்டுவந்தார்கள், அடுத்த முறை வரும்போது வேறு தந்து மாற்றிக்கொண்டார்கள். பொம்மைகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு திரும்பிய என்னை நினைத்துக்கொள்ளுங்கள்!

இந்தச் சந்திப்புகள் இரண்டாண்டுகள் நடந்தன. அக்குழந்தைகள் வளர்ந்து 22 வயது இளைஞரானபோது அவர்களைத் தேடிச் சென்று பார்த்தார்கள். விளையாட்டுச் சந்திப்புப் பெற்றவர்களின் வருமானம், பெறாதவர்களுடையதைவிட நூற்றுக்கு 25 பங்கு மிகுந்திருந்தது என்று 2014ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை காட்டியது. ஒவ்வொரு வாரமும் இன்னின்ன விளையாட்டு என்ற திட்டம் அங்கே உண்டு. ஆயினும், அதைக் குழந்தையின் மேல் திணிப்பதில்லை. குழந்தை செய்வதைக் கண்டு மறுமொழி தரத் தாயைப் பழக்குவதே நோக்கம். பின்னாளில் வங்காளதேசம், கொலம்பியா முதலிய நாடுகளும், நம் ஒடிசா மாநிலத்துக் கட்டாக் நகரமும் இம்முறையைத் தத்தம் சூழலுக்கேற்ப மாற்றி நடத்திப் பார்த்தன.

நம் நாட்டுக் கோவாவிலும், பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த மற்றோர் ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். அதன் முடிவு 2016இல் வெளிவந்தது. ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் குடும்பங்கள் அதில் பங்குகொண்டன. அங்கும் உதவி செய்தவர்கள் நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே. பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோப் படமாக எடுத்து, பணியாளரும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பார்கள். குழந்தை எதை நோக்குகிறது, அதற்கு நாம் ஒத்துப்போனோமா என்று பேசிக்கொள்வார்கள். குழந்தையின் கவனத்தோடு ஒத்து மறுமொழி தரும் வழக்கம் பெற்றோரிடம் மிகுந்தது. குழந்தை தானாகத் தொடர்பு தொடங்குவதும் கூடிற்று. ஆயினும், இருவரும் ஒரே பொருளில் கவனம் செலுத்தும் நேரம் குறைந்தே காணப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதினார்கள். எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி என்று எந்த முறையையும் நாம் கொண்டாடலாகாது.

இனி, பணியாளருக்குத் தரும் பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம்.

முதற்பாடம் சும்மா இருப்பது. புதிதாக வந்தவரைக் குழந்தையின் அருகே உட்காரவைத்து, ஐந்து நிமிடம் எதையும் எடுத்துக் கொடாமல், எதையும் கேளாமல், அது செய்வதை மட்டும் பார்த்து எழுதச் சொல்கிறோம். ஒரு நிமிடத்துக்குள் கை பரபரக்கும், வாய் துடிக்கும். "இது என்ன நிறம்? இதை இங்கே வை" என்று சொல்லாமல் இருப்பது எளிதன்று.

இரண்டாம் பாடம் பேச்சைப் பற்றியது. நம் பேச்சில் கட்டளையும் கேள்வியுமே மிகுதி. "எத்தனை கட்டை இருக்கிறது, எண்ணு" என்றால் விளையாட்டு தேர்வாகிவிடும். "அடடா, உருண்டு போய்விட்டதே!" என்றால் குழந்தை செய்ததற்கே நாம் சொல் கொடுக்கிறோம். தலைமை குழந்தையிடமே இருக்கிறது.

மூன்றாம் பாடம் நடிப்பு. பயிற்சி பெறுவோரில் ஒருவர் குழந்தையாகவும், ஒருவர் தாயாகவும், ஒருவர் பணியாளராகவும் நடிப்பார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். தாயாக உட்கார்ந்து, "அப்படியில்லை, இப்படிச் செய்யுங்கள்" என்ற சொல்லை ஒருமுறை கேட்டவர், அது எப்படிச் சுடும் என்பதை மறக்கமாட்டார்.

நான்காம் பாடமே சிகரம். தாய் செய்யும் நல்ல செயலைக் கண்டு, அதை அவளுக்கே எடுத்துச் சொல்ல வேண்டும். "நன்றாகச் செய்தீர்கள்" என்ற பொதுப் பாராட்டு போதாது. "அவன் உங்களைத் திரும்பிப் பார்த்தான், நீங்கள் தலையசைத்தீர்கள், உடனே மறுபடியும் தொடங்கினான், பார்த்தீர்களா?" என்று நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். தாய் மட்டுமல்ல, தந்தையும் பாட்டியும், வளர்க்கும் எவரும் இவ்விதமே மதிக்கப்பட வேண்டும்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். தாய் குழந்தையைப் பின்தொடர வேண்டுமானால், பணியாளர் தாயைப் பின்தொடர வேண்டும். பணியாளர் அப்படி நடக்க வேண்டுமானால், அவருக்குப் பயிற்சி தருபவரும் அவரை அதட்டாமல், அவர் செய்வதைக் கூர்ந்து பார்த்துத் துணை நிற்க வேண்டும். அதிகாரத்தால் கற்றவர் அதிகாரத்தையே கற்பிப்பார். என் மூத்த அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கேள்வி மட்டுமே கேட்டார். அதுவே எனக்குப் பயிற்சியாயிற்று.

பின்தொடர்வது என்றால் குழந்தையைக் கட்டுக்கடங்காமல் விடுவது அன்று. அடுப்பருகே போகக்கூடாது, பிறரை அடிக்கக்கூடாது என்ற வரம்புகள் உண்டு. வேலைச் சுமையால் களைத்த தாயிடம், நாள் முழுவதும் விளையாடு என்று சொல்வதும் இரக்கமற்ற செயல். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் முழுவதும் குழந்தையுடையதாக இருக்க வேண்டும்.

மறு வாரம் அந்த நெசவாளர் வீட்டுக்கு நான் பையில்லாமல் போனேன். "நான் இல்லாதபோது இவன் எதை வைத்துக்கொண்டு விளையாடுகிறான்?" என்று கேட்டேன். அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு ராட்டைக்கு அருகே கிடந்த வெறும் தார்க்குச்சிகளைக் காட்டினாள். "இதை வாசற்படியில் ஒன்று ஒன்றாக உருட்டிவிடுவான், டீச்சர். எல்லாம் கீழே போன பிறகு என் முகத்தைப் பார்ப்பான். வேலை கெடுகிறதே என்று நான்தான் பிடுங்கி வைத்துவிடுவேன்" என்றாள். என் கண்ணில் படாததை அவள் நாள்தோறும் கண்டிருக்கிறாள். கேட்பார் இல்லாததால் சொல்லவில்லை.

கூர் முனையுள்ளவற்றையும் பிளந்தவற்றையும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய குச்சிகளை அவனிடம் கொடுத்தாள். அவன் உருட்டினான், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு குச்சி கடைசிப் படியில் தங்கிவிட்டது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள், "நின்னுடுச்சே!" என்றாள். அவன் சிரித்துக்கொண்டு இறங்கிப் போய் அதைத் தள்ளிவிட்டு வந்தான். அன்று நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது பார்வையாளர் நான்.

அவனுக்கு உடனே பேச்சு வந்துவிட்டது என்று கதை முடிக்க நான் விரும்பவில்லை. சொற்கள் மெதுவாகவே வந்தன. பேச்சுப் பயிற்சியாளரின் உதவியும் தேவைப்பட்டது. ஆனால், என் பணி முடிந்து நான் விடைபெற்ற நாளில், விளையாட்டு என்னோடு வெளியேறவில்லை.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை ஆசிரியராகலாம், செவிலியராகலாம், 1975ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடந்துவரும் அங்கன்வாடிப் பணியில் சேரலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தை இருக்கும். இன்று மாலை பத்து நிமிடம் அதன் அருகே தரையில் உட்காருங்கள். கைபேசியைத் தள்ளி வையுங்கள். ஒன்றும் கற்பிக்காதீர்கள்; ஒன்றும் கேட்காதீர்கள். குழந்தை எதை எடுக்கிறதோ அதைப் பாருங்கள். அது உங்கள் முகத்தைப் பார்க்கும் நேரம் வரும். அப்போது நீங்கள் அங்கே இருந்தால் போதும்.