பைன் காட்டின் ஓரத்தில்

மண்ணூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் கோடையில் கொடைக்கானல் போய்வருவது இப்போது சகஜமாகிவிட்டது. அவர்களுள் பறவைகளிடம் பிரியமுள்ள சிலர், "அவ்வளவு பெரிய பைன் காட்டில் ஒரு கூடுகூடக் கண்ணில் படவில்லையே, ஐயா!" என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். தம் ஊர் ஏரிக்கரையின் ஒற்றைக் கருவேலமரத்திலேயே தூக்கணாங்குருவிக் கூடுகள் கொத்தாய்த் தொங்கக் கண்டவர்களுக்கு இந்த ஆச்சரியம் எழுவது நியாயமே.

கொடைக்கானல் அமைந்த பழனி மலையில் பெரிதும் நடப்பட்டிருக்கும் பைன், மெக்சிகோ நாட்டு மலைகளைத் தாயகமாகக் கொண்டது. அங்கே குறுக்கலகன் என்று சொல்லத்தக்க ஒரு குருவி உண்டு. அதன் அலகின் மேல்நுனியும் கீழ்நுனியும் ஒன்றையொன்று தாண்டி வளைந்திருப்பதால், பைன் காயின் செதில்களை நெம்பி விலக்கி, உள்ளிருக்கும் விதையை நாவினால் எடுத்துவிடும். விதை மிகுந்த காலமே அதற்கு இனப்பெருக்கக் காலம். பனி பெய்யும் மாதங்களில்கூட அது குஞ்சு பொரிப்பதுண்டு. மரமும் பக்ஷியும் யுகயுகமாக ஒன்றுக்கொன்று பழகிய பந்தம் அது. நம் மலைக்கு மரம் மட்டுமே வந்தது. பழமோ தேன் நிறைந்த மலரோ இல்லாத அந்த விருட்சத்தின் அடியில், உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோல் மூடிக் கிடக்க, புதர் அடர்வதற்கு இடமில்லாமலும், பூச்சிகள் பெருகுவதற்கு வழியில்லாமலும் போய்விடுகிறபோது, நம் பறவைகள் எதை நம்பி அங்கே குடும்பம் நடத்தும்?

சாமுவேல் ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்கப் பாதிரியாரின் பெயரைத் தாங்கிய பழனிச் சிரிப்பான் 1869-இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமானபோது, இம்மலையின் உயர்ந்த சரிவுகள் பெரும்பாலும் புல்வெளியாகவும் மடிப்புகள் சோலையாகவும் இருந்தன. 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகவும், ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டராக இருந்த மரத்தோட்டங்கள் 200-க்கும் மேலாக விரிந்துவிட்டதாகவும் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். புல்லிலேயே கூடு வைக்கும் நீலகிரி நெட்டைக்காலி போன்ற பறவைக்கு இது வீட்டையே இழந்ததற்கு ஒப்பாகும்.

ஆகவே, மார்ச் முதல் ஜூன் வரையில் கூடு காண விரும்புகிறவர்கள் பைன் காட்டின் நடுவே அலையாமல், அது சோலையைத் தொடும் ஓரத்தில், விடியற்காலையில் அசையாமல் நிற்க வேண்டும். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் அங்கே இடுப்பளவு உயரப் புதரிலேயே காய்ந்த இலைகளையும் பெரணியையும் கொண்டு பந்துபோல் ஒரு கூட்டை அமைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். தற்செயலாகச் சிக்கிய சருகுக் குவியலோ என்று எண்ணும்படி இருக்கும், பக்கவாட்டு வாயிலைக் கவனிக்கும்வரையில். சோலைக்கிளி என்னும் சிறு குருவியோ மரப்பொந்திலும் மண்கரையின் குழியிலும் பாசியிட்டு முட்டை வைக்கும். கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு இவற்றை வெளியே வரவழைக்கும் வழக்கத்தை நான் முற்றிலும் வெறுக்கிறேன். எதிரி வந்துவிட்டதென்று ஆண்பறவை இரை தேடுவதையும் விட்டுவிட்டுப் பதறுகிறது. பறவை எச்சரிக்கைக் குரல் கொடுத்தால், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

அப்படியானால் பைன் மரங்களை ஒரே மூச்சில் வெட்டிச் சாய்க்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அது அவசரமான அபிப்பிராயம். பழனி மலையில் சோலைச் சம்ரட்சணைக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்ட வட்டக்கானல் அன்பர்கள், பழைய தோட்ட மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வளர்வதைக் கண்டு எழுதினார்கள். பறவைகள் தின்று கழிக்கும் விதைகளிலிருந்து முளைத்தவையும் அவற்றுள் உண்டு. புல்வெளி மீளவேண்டிய சரிவில் இளம் பைன் நாற்றுகளைப் பிடுங்கி எறிவதும், சோலை தலையெடுக்கும் மடிப்பில் பெரிய மரங்களைச் சிறிது சிறிதாகக் கழிப்பதும், காய்ந்த ஊசியிலையில் தீப்பற்றும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவு பகலாகக் காவல் இருப்பதும் வெவ்வேறு வேலைகள். இவற்றில் தீக்காவலே முதலாவது, ஏனெனில் கூடு கட்டும் பருவமும் அப்போதுதான் தொடங்குகிறது.

(தொடரும்)