சுவர் குடிக்கும் தண்ணீர்

புது வீட்டுச் சுவரின் குறை பகலில் அவ்வளவாகத் தெரியாது. பொழுது சாய்ந்து, கூரையோரத்தில் ஒளித்துவைத்த எல்இடி பட்டையைப் போட்டதும்தான் எல்லாம் வெளியே வரும். அலை அலையாக மேடுபள்ளம், கரண்டி போன தடம், உப்புத்தாள் தேய்த்த வட்டம். பெயிண்டர் சரியில்லை என்பார் வீட்டுக்காரர். பூச்சே சரியில்லை என்பார் பெயிண்டர். கொத்தனார் அதற்குள் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்.

விளக்கு செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடலாம். பூச்சில் அரை மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு எழும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் நேரெதிரே இருந்து விழுந்தால் அதற்கு நிழலே கிடையாது. 45 டிகிரி சாய்வில் விழுந்தால் நிழலும் அரை மில்லிமீட்டர்தான். சுவரை உரசினாற்போல ஒரு டிகிரி சாய்வில் வந்தாலோ, அதே கோட்டின் நிழல் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நீளும். பழைய வீட்டுச் சுவர்களெல்லாம் நூல் பிடித்தாற்போல் இருந்தன என்று நாம் நினைப்பதில் பாதி, குண்டு பல்பு அறை நடுவில் தொங்கியதன் புண்ணியம். பளபளப்பான பெயிண்ட் நிலைமையை இன்னும் மோசமாக்கும். அது ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதால், சுவரின் சரிவு இம்மியளவு மாறினாலும் பளபளப்பு நெளியும். மங்கலான பெயிண்ட் ஒளியை நாலாபக்கமும் சிதறடித்துக் குறையை மறைக்கும். விவரம் தெரிந்த பெயிண்டர் பிரைமர் அடிக்கும் முன்பே டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, தட்டுப்படும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

இந்தக் குறைகளை மறைக்கும் பொறுப்பு, ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு மேல்பூச்சின் தலையில் விழுகிறது. நம் ஊரில் அது பெரும்பாலும் பட்டி: வெள்ளைச் சிமெண்ட்டும் நைஸான சுண்ணக்கல் அல்லது டோலமைட் மாவும் கலந்த பொடி. கொத்தனார் 12 மில்லிமீட்டர் சிமெண்ட் பூச்சை முடித்துவிட்டுப் போன பிறகு, பெயிண்டர் வந்து இரண்டு கை பட்டி பார்ப்பார். அடுக்குமாடிகளில் ஜிப்சம் பூச்சும் இப்போது சகஜம். பொடி எதுவானாலும் கஷ்டம் ஒன்றுதான். கலவையில் உள்ள தண்ணீர் எப்போது, எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்பது கையில் கரண்டி பிடித்தவரின் கட்டுப்பாட்டில் முழுமையாக இருப்பதில்லை.

'செவுரு தண்ணியக் குடிக்குது' என்று பட்டி பார்ப்பவர்கள் சொல்வார்கள். எவ்வளவு குடிக்கும்? ஒரு சதுர மீட்டர் சுவரில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டி வைக்க ஒன்றரை லிட்டர் கலவை வேண்டும். அதில் ஏறக்குறையப் பாதி, அதாவது முக்கால் லிட்டர், தண்ணீர். பின்னால் இருக்கும் 12 மில்லிமீட்டர் சிமெண்ட் பூச்சின் பருமன் அதே சதுர மீட்டருக்கு 12 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத துளைகள் என்று கொண்டால் 2.4 லிட்டர் வெற்றிடம். பட்டியிலுள்ள தண்ணீரை மூன்று தடவை உள்ளே விட்டாலும் இடம் மீதி இருக்கும். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு வலுவாக அது தண்ணீரை இழுக்கும். உலர்ந்த சிமெண்ட் பூச்சின் துளைகள் மிகமிகச் சிறியவை.

எல்லா இடமும் ஒரே மாதிரி குடித்தால்கூடச் சமாளித்துவிடலாம். ஒரே சுவரில் செங்கல் இருக்கும், நடுவில் கான்கிரீட் தூண் வரும், மேலே பீம் போகும். பூச்சின் கனமும் கலவையும் இடத்துக்கு இடம் மாறும். செங்கல் மேலுள்ள பகுதி சீக்கிரம் இறுகும், தூண் மேலுள்ளது ஈரமாகவே நிற்கும். ஒரே இழுப்பில் பட்டித் தகட்டை இரண்டின் மேலும் கொண்டுபோனால் ஒரு பக்கம் கிழியும், மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் ஒரு விளிம்பு நிற்கும். மாலை விளக்கில் தெரியும் கோடுகளில் பல இப்படி உண்டானவை. ஏஏசி பிளாக் சுவரின் சிக்கல் வேறு. அதன் பருமனில் பெரும்பகுதி காற்றறைகள். நாம் தெளித்த தண்ணீர் போதும் என்று நினைத்த பிறகும் மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கான்கிரீட் கூரையோ குடிக்கவே குடிக்காது. அதில் ஷட்டரிங் எண்ணெய் மிச்சமிருந்தால் பூச்சு ஒட்டாமல் சில மாதத்தில் பாளமாக விழவும் செய்யும்.

சுவரை முன்கூட்டியே நனைப்பது பழைய வைத்தியம். துளைகள் பாதி நிறைந்து, மேற்பரப்பு மட்டும் உலர்ந்து நிற்பதுதான் தோதான நிலை. தண்ணீர் வழியும் சுவரில் பூசினால், நடுவே சிக்கிய நீர்ப்படலம் பூச்சைச் சுவரைப் பிடிக்கவிடாது. புதிய வைத்தியம் மூட்டைக்குள்ளேயே வருகிறது. பஞ்சிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ எடுத்த செல்லுலோஸ் ஈதர் என்ற பொருளைப் பட்டியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கலக்கிறார்கள். தண்ணீரில் கரைந்ததும் அது கலவையைக் கொழகொழப்பாக்கி, தண்ணீரைச் சுவருக்கும் காற்றுக்கும் எளிதில் விட்டுக்கொடுக்காமல் பிடித்துவைக்கிறது. இது இல்லையென்றால் மே மாதத்து உலர்காற்றில், மின்விசிறி ஓடும் அறையில், சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகும் முன்பே பட்டி காய்ந்து போகும். தடவினால் கையில் மாவாக ஒட்டும் சுவர் அப்படிக் காய்ந்ததாக இருக்கலாம்.

எந்த ரசாயனத்தாலும் தீராத கோளாறு ஒன்று உண்டு. தூக்குக்குண்டுக்கும் மட்டத்துக்கும் நிற்காத சுவரைப் பட்டியால் நேராக்கப் பார்ப்பது. ஒன்றரை மில்லிமீட்டருக்காகச் செய்யப்பட்ட பொருளை ஐந்து, ஆறு மில்லிமீட்டருக்கு அப்பினால், மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், அடி இன்னும் ஈரமாக இருக்கும், மயிர்வெடிப்பு விடும். கொத்தனார் வேலைக்கும் பெயிண்டர் வேலைக்கும் தனித்தனியாகச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசும் நம் வழக்கத்தில், முதலாமவர் மிச்சம் பிடித்த நேரத்துக்கு இரண்டாமவர் மூட்டை மூட்டையாகப் பட்டி போட்டு ஈடுகட்டுகிறார். இதில் பெயிண்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜிப்சம் கலவை பட்டியைவிடக் கெடுபிடியானது, ஏனென்றால் அது கடிகாரம் வைத்துக்கொண்டு இறுகும். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டும் தண்ணீரும் சேர்ந்த படிகம். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதியின் வறண்ட ஓடைப் பள்ளங்களில் களிமண்ணுக்கு நடுவே நரம்பு நரம்பாக அது ஓடுவதைப் பார்க்கலாம். அதைச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வறுத்தால் படிகத்திலுள்ள தண்ணீரில் முக்கால்வாசி போய்விடும். மிஞ்சும் வெள்ளைப் பொடியில் மறுபடி தண்ணீர் சேர்த்தால் இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு கல்லாகும். இந்தக் கணக்கைத் தெளிவாகக் காட்டியவர் பிரான்சின் வேதியியலாளர் லவாசியே. 1765-ல், 21 வயதில், அறிவியல் கழகத்தின் முன் அவர் படித்த முதல் ஆய்வே ஜிப்சத்தைப் பற்றியதுதான்.

எப்படி இறுகுகிறது என்பதை 1880-களில் விளக்கியவர் இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே. வறுத்த பொடி தண்ணீரில் ஓரளவு கரையும். அதிலிருந்து உருவாகும் ஜிப்சமோ லிட்டருக்குச் சுமார் 2 கிராம்தான் கரையும். பொடியின் கரைதிறன் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. ஆகவே பொடி கரையக் கரைய, தாங்க முடியாத அளவு ஜிப்சம் கரைசலில் சேர்ந்து ஊசி ஊசியாகப் படியத் தொடங்குகிறது. வெட்டிப் போட்ட வேலிக்கருவை முள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதைப் போல அந்த ஊசிகள் பின்னிக்கொள்ளும்போது கலவை கெட்டியாகிறது. தொட்டால் லேசான சூடும் தெரியும்.

முதல் சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அப்போது ஊசிகளுக்கு விதைகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. விதை பிடித்துவிட்டால் பிறகு எல்லாம் வேகம்தான். கழுவாத வாளி ஏன் வேலையைக் கெடுக்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. முந்தின கலவையின் காய்ந்த துணுக்குகள் அத்தனையும் தயாரான விதைகள். அவற்றின் மேல் புதிய படிகம் உடனே வளர ஆரம்பித்துவிடும். அரை மணி நேரம் தாங்க வேண்டிய கலவை பாதி சுவரிலேயே கட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீரும் வேகத்தைக் கூட்டும், அதனால் கடலோர போர்வெல் தண்ணீரில் கலப்பவர்களுக்கு நேரம் இன்னும் குறைவு. எதிர்த் திசையில், துளி எலுமிச்சை அமிலம் விதைகளின் வளர்ச்சியைத் தடுத்து நேரத்தை நீட்டும். கட்டத் தொடங்கிய கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளறுவது மட்டும் எப்போதும் தப்பு. பின்னிக்கொண்ட ஊசிகளை உடைத்துவிட்டால் அவை மறுபடி அதே பலத்தோடு சேராது.

ஒரு வேடிக்கை: இவ்வளவு அவசரக்காரனான ஜிப்சத்தைத்தான் சிமெண்ட் ஆலையில் நூறு கிலோவுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ வரை சேர்த்து அரைக்கிறார்கள், சிமெண்ட் சட்டென்று கட்டிவிடாமல் இருப்பதற்காக. சிமெண்ட்டில் உள்ள அலுமினேட் தண்ணீரைக் கண்டதும் வினைபுரியத் துடிக்கும். ஜிப்சம் அதோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகத்தை உண்டாக்கி அந்த வேகத்தை அடக்குகிறது. அதே எட்ரிங்கைட், ஈரம் போகாத சிமெண்ட் சுவரில் ஜிப்சம் பூசினால் இரண்டுக்கும் நடுவில் முளைத்து, பருத்து, பூச்சையே தள்ளிவிடவும் கூடும். சீக்கிரம் கட்டட்டும் என்று இரண்டு பொடியையும் வாளியில் ஒன்றாகக் கலப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

கரண்டியின் நேரமும் இந்த வேதியியலோடு கட்டுண்டது. பூசியவுடன் தேய்த்தால் கலவை கரண்டியோடு நகர்ந்து வரும், கோடு விழும். உள்ளே சிக்கிய காற்று கொப்புளமாக எழும். விரல் வைத்தால் ஒட்டாமல், ஆனால் தடம் மட்டும் லேசாகப் பதியும் நிலையில் அழுத்தித் தேய்த்தால், மேடுகள் அமுங்கி, நைஸான துகளும் நீரும் பாலாக மேலே வந்து பள்ளத்தை நிரப்பும். வழவழப்பு உண்டாவது இந்தச் சில நிமிடங்களில்தான். இன்னும் தாமதித்தால் படிகப் பின்னல் விட்டுக்கொடுக்காது. கரண்டியின் இரும்பு தேய்ந்து சுவரில் கருந்தடம் விழும். தண்ணீர் தெளித்துத் தெளித்து மெருகேற்றிக்கொண்டே போவதும் ஆபத்து. கண்ணாடிபோல் ஆகிவிட்ட மேற்பரப்பில் பெயிண்ட் பிடிப்பதில்லை. கூரையில் வேலை செய்பவர் கழுத்தை அண்ணாந்துகொண்டு, பூசத் தொடங்கிய மூலைக்கும் முடித்த மூலைக்கும் உள்ள பத்து நிமிட வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்.

நேரம் இப்படிக் கழுத்தை நெரிக்காத ஒரு பூச்சு நம்மிடம் இருந்தது. கிளிஞ்சலையோ சுண்ணக்கல்லையோ ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டு, நீற்றி, ஊறவைத்த சுண்ணாம்பு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கித்தான் மறுபடி சுண்ணக்கல் ஆகிறது, அதனால் காற்றுப் படாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் இறுகாது. ஊற ஊறச் சுண்ணாம்பின் படிகங்கள் சிறுத்து, தட்டையான சில்லுகளாகின்றன. மெல்லிய பூச்சாக ஏற்றி, வழவழப்பான கல்லால் விடாமல் தேய்க்கும்போது சில்லுகள் சுவரோடு படிந்து படுத்துக்கொள்ளும். செட்டிநாட்டுச் சுவர்களின் மினுமினுப்பு அப்படி வந்தது. சென்னையின் சுண்ணாம்புப் பூச்சு பளிங்குக்கு நிகராக மெருகேறுவதை, 1780-களின் தொடக்கத்தில் இங்கே வந்த ஆங்கில ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் வியந்து பதிவு செய்திருக்கிறார். அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே, செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர் ஐசக் பைக் சென்னைக் கலவையின் செய்முறையை எழுதியனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டி அதைத் தன் இதழில் அச்சிட்டது. வெல்லம், கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு, மோர், நெய் என்று அந்தப் பட்டியல் சமையற்கட்டை எட்டிப் பார்க்கும். வெறும் நம்பிக்கை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சர்க்கரை சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டுகிறது; வெள்ளைக்கருவின் புரதமும் நெய்யின் கொழுப்பும் மேற்பரப்பில் தண்ணீர் எளிதில் இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன.

சுண்ணாம்புப் பூச்சைக் கேட்டு வருபவர்கள் இப்போது மறுபடி கூடியிருக்கிறார்கள். கிரகப்பிரவேசத் தேதி குறித்தாகிவிட்டது, சீக்கிரம் முடியுங்கள் என்றும் அவர்களே சொல்கிறார்கள். சிமெண்ட்டிலேயே கைபழகிய கொத்தனார், தேதிக்குப் பயந்து கலவையில் இரண்டு கை வெள்ளைச் சிமெண்ட்டைப் போடுகிறார். அதோடு நாள்கணக்கில் தேய்க்க முடிந்த பூச்சு சில மணி நேரத்தில் இறுகிவிடுகிறது. சில்லுகள் படுக்கும் முன்பே சிமெண்ட் அவற்றைப் பிடித்து நிறுத்திவிட, கல்லை வைத்து எவ்வளவு தேய்த்தாலும் மெருகு வருவதில்லை.