பச்சை குத்திக்கொள்ளும் முன்: உரிமை, ஆபத்து, தீர்வு

பச்சை குத்துதல் என்பது ஊசிமுனையால் மேல்தோலைத் துளைத்து, அதற்கு அடியிலுள்ள உள்தோலில் மையைச் செலுத்தி, ஆயுள் முழுதும் அழியாத குறியை உண்டாக்கும் செயலாகும். முன்பு கையால் குத்தப்பட்ட இக்குறி இன்று மின்னியந்திரத்தால் குத்தப்பட்டு டாட்டூ என்று அழைக்கப்படுகிறதே தவிர, தோலுக்குள் நிகழ்வது ஒன்றே. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய பின் படிப்படியாக விரிந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்துக்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த கையோடு வந்துசேரும் இளைஞர்களிலும், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்களிலும், விடுதிகளில் தங்கி மின்னணு ஆலைகளில் பணிபுரியும் பெண்களிலும் பலர் முதல் சம்பளம் வாங்கும் வயதினர். வீட்டாரைக் கேட்காமல் தம் உடலைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு முதன்முதலில் அமைவதும் இங்கேதான் என்பதால், பச்சை குத்திக்கொள்வதில் உள்ள உரிமை எது, ஆபத்து எது, தவறு நேர்ந்தால் முறையிட வேண்டிய இடம் எது என்பவற்றை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியமாகிறது.

குத்திக்கொள்வது ஏன்?

பச்சை குத்துவது தமிழகத்துக்குப் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தொகுத்தெழுதிய எட்கர் தர்ஸ்டன், ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய குறவர் பெண்களின் தொழிலையும், மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்து எரித்த புகைக்கரியிலிருந்து அவர்கள் மை தயாரித்த முறையையும் பதிவு செய்துள்ளார். பாட்டிமார் பலரின் முன்கையில் கோலப்புள்ளிகளும் தேளும் பெயரெழுத்துகளும் இன்றும் காணப்படுகின்றன. நகையும் நிலமும் இங்கேயே தங்கிவிட, இறந்த பின்னும் உடன் வருவது பச்சை ஒன்றே என்ற நம்பிக்கை அத்தலைமுறையினரிடம் இருந்தது. கோத்னா என்று அழைக்கப்படும் இதே வழக்கம் ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா பகுதிகளின் பழங்குடி, உழைக்கும் சாதிப் பெண்களிடம் வலுவாக உள்ளதால், ஒரகடத்தில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளியின் கையிலுள்ள குறி பல வேளைகளில் அவருடைய குடும்ப மரபைச் சேர்ந்ததாகும்.

உடலில் குறி இட்டுக்கொள்வதற்குச் சமயமும் அரசியலும் தத்தம் காரணங்களை அளித்துள்ளன. இராமானுசர் அவதரித்த தலமான ஸ்ரீபெரும்புதூரில் நன்கறியப்பட்ட சமாசிரயணம் என்னும் வைணவச் சடங்கில், வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் சூடாக்கிய முத்திரையால் பொறிக்கப்படுகின்றன. இது மையால் குத்துவதன்று, எனினும் தான் யாரைச் சேர்ந்தவர் என்பதை உடலே சொல்லுமாறு செய்யும் எண்ணம் இரண்டிலும் பொதுவானது. எம்.ஜி.ஆர். காலத்தில் அ.தி.மு.க.வினர் பலர் கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்திக்கொண்டனர். 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளையொட்டி அவருடைய உருவத்தைக் கட்சியினர் கூட்டமாகக் குத்திக்கொண்டனர். இன்றைய இளைஞர் கையில் அம்மா என்ற எழுத்தும், முருகனின் வேலும், அம்பேத்கர் அல்லது பெரியார் உருவமும், காதலர் பெயரும், விருப்ப நடிகரின் முகமும் இடம்பெறுகின்றன. ஆலையில் அனைவரும் ஒரே நிறச் சீருடையும் அடையாள அட்டை எண்ணும் அணிய வேண்டியிருப்பதால், தனக்கே உரியதாக ஒன்றை வைத்துக்கொள்ளும் விருப்பம் இதற்குக் கூடுதல் உந்துதலாக அமைகிறது எனலாம்.

பிறர் பார்ப்பது எப்படி?

பச்சையைக் குற்றத்தோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் அவர்களுடைய குற்றத்தைப் பச்சை குத்தும் தண்டனை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்து, 1849இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இதனோடு, பச்சை குத்துவோரும் குத்திக்கொள்வோரும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினராக இருந்தமையால், மேல்சாதியினரின் கண்ணுக்கு அது தாழ்வின் குறியாகத் தோன்றியது. அண்மைக் காலத்தில் திரைப்பட நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் குத்திக்கொண்ட பிறகு அந்த இழிவு நகரங்களில் பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் வாடகை வீட்டு உரிமையாளர், விடுதிக் காப்பாளர், பெண் பார்க்க வருவோர் ஆகியோரின் மனத்தில் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒரே படத்தை ஆண் குத்திக்கொண்டால் துணிச்சல் என்றும், பெண் குத்திக்கொண்டால் அடங்காமை என்றும் பேசும் இரட்டை அளவுகோலும் தொடர்கிறது.

பிறர் பார்வையிலிருந்து எழும் சிக்கல்களுள் மிகக் கூர்மையானது சாதியைக் காட்டும் குறியாகும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளி மாணவர்கள் அணிவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றிவிடலாம், சாதிப் பெயரையோ சாதிச் சின்னத்தையோ பச்சை குத்திக்கொண்டவர் அதைக் கழற்ற முடியாது. பல மாவட்டத்தினர் ஓர் அறையில் தங்கி ஒரே லைனில் வேலை செய்யும் இடத்தில், அத்தகைய குறி பகையையும் விலக்கலையும் வரவழைக்கக்கூடும் என்பதைக் குத்திக்கொள்ளுமுன் எண்ணிப் பார்ப்பது நல்லது.

உடலுக்கு நேரும் ஆபத்து

டாட்டூ ஊசி ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் இறங்குவதால், அதன் முனையில் இரத்தம் படுவது இயல்பு. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் பரவக்கூடும். ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்று கருதுவது பிழையாகும். முந்தைய வாடிக்கையாளருக்கு ஊற்றிய மைக்கிண்ணத்திலேயே புதிய ஊசியைத் தோய்த்தாலும், இரத்தம் பட்ட கையுறையோடு மைப்புட்டியைத் தொட்டாலும் கிருமி இடம்மாறும். ஆகவே, உறையிட்ட புதிய ஊசி தம் கண்முன் பிரிக்கப்படுகிறதா, மை புதிய சிறுகிண்ணத்தில் ஊற்றப்படுகிறதா, கையுறை புதிதாக அணியப்படுகிறதா, பயன்படுத்திய ஊசி துளைக்க முடியாத தனிப் பெட்டியில் போடப்படுகிறதா என்னும் நான்கையும் வாடிக்கையாளர் பார்த்த பின்பே கையை நீட்ட வேண்டும். திருவிழாக் கடைகளிலும் சாலையோரத்திலும் இந்நான்கும் ஒருசேர அமைவது அரிது.

மையும் கவலைக்குரியது. சிவப்பு மை ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குவதாக மருத்துவர்கள் அறிந்துள்ளனர். தழும்பு மேடிட்டுத் தடித்து வளரும் கெலாய்டு என்னும் இயல்புடைய தோல் கொண்டவர்களுக்குப் பச்சையும் அவ்வாறே தடிக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. இந்தியாவில் டாட்டூ மைக்கென அத்தகைய விரிவான தனிவிதி இல்லாத நிலையில், பெயரும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிடப்படாத புட்டியிலிருந்து வரும் மையை மறுப்பதே வாடிக்கையாளருக்கு உள்ள காப்பாகும்.

ஆலைத் தொழிலாளிக்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. புதிதாகக் குத்திய பச்சை மேற்பரப்பில் ஆறுவதற்கே 2 முதல் 4 வாரங்கள் ஆகும். அதுவரை அது திறந்த புண்ணுக்கு ஒப்பானது. வார விடுமுறையில் முன்கையில் குத்திக்கொண்டு மறுநாள் ஷிப்டுக்குச் செல்பவர் மெஷின் ஷாப்பில் கூலன்ட் எண்ணெயிலும், பெயின்ட் ஷாப்பில் கரைப்பான்களிலும், வெல்டிங்கில் பொறியிலும் புறஊதாக் கதிரிலும் அந்தப் புண்ணை வைக்கிறார். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவை தோன்றினால், கடைக்காரர் தரும் களிம்பை நம்பாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும், ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளி ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். மேலும், தேசிய இரத்தமாற்றக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதங்கள் இரத்த தானம் செய்யக் கூடாது. ஆலைகளில் நடக்கும் முகாம்களில் இதை மறைப்பது மற்றவர் உயிரோடு விளையாடுவதாகும்.

சட்டம் சொல்வது என்ன?

தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அந்தரங்க உரிமையின் பகுதி என்பது, 9 நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் வழங்கிய தீர்ப்பிலிருந்து பெறப்படும் கொள்கையாகும். ஆனால் அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசையே கட்டுப்படுத்துவன. தனியார் நிறுவனம் பச்சை குத்தியவரை வேலைக்கு எடுக்க மறுப்பதை வெளிப்படையாகத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு நிலைமை மாறுகிறது. ஒழுங்கீனம் எவை என்று வரையறுக்கும் நிலையாணைகள், அதாவது ஆலைப் பணி விதிகள், பொதுவாகப் பச்சையைக் குறிப்பிடுவதில்லை. விசாரணை நடத்தாமல் அதற்காக ஒருவரை நீக்கினால், அவர் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தொழிற்தகராறு எழுப்பலாம். ஒப்பந்தத் தொழிலாளி தம் மனுவில் ஒப்பந்ததாரரையும் முதன்மை நிறுவனத்தையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். அப்ரண்டிஸ்கள் 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின்படி தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் முறையிட வேண்டும்.

பெண் ஊழியரின் உடலிலுள்ள பச்சையைச் சுட்டி ஆபாசமாகப் பேசுவதும், அதைக் காட்டச் சொல்வதும் 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும். 10 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும்; நிகழ்வு நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் அளித்தால், 90 நாட்களுக்குள் விசாரணை முடிக்கப்பட வேண்டும். பச்சை குத்தியிருப்பதைக் காட்டி எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக்குவதை, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது.

சீருடைப் பணிகளின் விதி இவற்றினும் கண்டிப்பானது. ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே எஸ்.எஸ்.சி. ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர், மத்திய ஆயுதக் காவல் படைகளின் விதியை முதலில் அறிய வேண்டும்: சமயச் சின்னம், உருவம், பெயர் ஆகியவை இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ, அவ்வுறுப்பின் கால் பகுதிக்குக் குறைவான அளவில் மட்டுமே அனுமதிக்கப்படும். வலக்கை வணக்கம் செலுத்தும் கை என்பதால் அதன் முன்கையில் குத்திக்கொள்வது தகுதியிழப்பில் முடியலாம். இதை அறியாமல் குத்திக்கொண்டு, தேர்வு நெருங்கியதும் ஆசிட்டால் எரிப்பது நிரந்தரத் தழும்பையே தரும்; லேசர் சிகிச்சையோ வாரக்கணக்கான இடைவெளியில் பலமுறை செய்யப்பட வேண்டியது, தோல் மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது.

தவறு நேர்ந்தால்

பச்சை குத்தும் கடைக்கு உடலில் அறுவை செய்யும் உரிமை கிடையாது. திருச்சியில் நாக்கைப் பிளக்கும் அறுவையைச் செய்த டாட்டூ கடையைச் சேர்ந்த இருவரைக் காவல்துறை 2024 டிசம்பரில் கைது செய்தது. கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய கவனக்குறைவான செயலை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 271ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதால், சிறாரிடம் கையொப்பம் வாங்கிவிட்டோம் என்று கடைக்காரர் தப்ப முடியாது.

இழப்பீடு கோருவோருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி காட்டுகிறது. சேவைக் குறைபாட்டுக்காக 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணம் இல்லை. புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், சொந்த ஊர்த் திருவிழாவில் குத்திக்கொண்டு பாதிக்கப்பட்டவர் ஒரகடத்தில் இருந்தபடியே நீதி கேட்க முடியும். வழிகாட்டுதலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொழிலாளர்களும் பெண்களும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியுடையவர்கள். அதற்கான எண் 15100. எச்.ஐ.வி. குறித்த ஐயமிருந்தால் 1097 என்ற எண்ணை அழைக்கலாம். அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகிறது. கிருமி நுழைந்த உடனே பரிசோதனையில் தெரிவதில்லை என்பதால், முதல் பரிசோதனையோடு நிற்காமல் மருத்துவர் குறிக்கும் நாளில் மீண்டும் செய்துகொள்வது அவசியம்.

இத்தீர்வுகள் அனைத்தும் சான்றைச் சார்ந்தவை. கடையின் பெயர் உள்ள ரசீது, பணம் செலுத்திய பதிவு, மைப்புட்டியின் படம், நாள்தோறும் எடுத்த புண்ணின் படம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைப் பாதுகாத்தவருக்கே சட்டம் துணை நிற்க இயலும். பச்சை ஒருவரின் ஒழுக்கத்தையோ வேலைத்திறனையோ அளக்கும் கருவியன்று என்பதை நிறுவனங்களும் வீட்டு உரிமையாளர்களும் உணர வேண்டும். ஊசியைப் பார்க்காமலும், விதியை அறியாமலும், ரசீது வாங்காமலும் கையை நீட்டுவதில்லை என்ற உறுதியை இளைஞர்கள் ஏற்க வேண்டும்.