கூத்துக் களரியும் பள்ளி வகுப்பும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்து முத்தமிழென வழங்குதல் நம் முன்னோர் மரபு. அம்மூன்றனுள் இயற்றமிழ் ஒன்றே நம் பள்ளிகளில் நாடோறும் பயிலப்படுகின்றது. ஏனைய இரண்டும் பரிசளிப்பு விழா அணுகுங்கால் நினைவுக்கு வந்து, விழா முடிந்த மறுநாளே மறக்கப்படுகின்றன. அவ்விழாவிற்கும் குரலினிமை வாய்ந்த மாணவி ஒருத்தி, ஆடப் பழகிய மாணவியர் நால்வர், அவைக்கு அஞ்சாது பேசும் மாணவன் ஒருவன் எனத் தேர்ந்தெடுத்த சிலரே மேடையேறுவர். எஞ்சியோர் நாற்காலி சுமப்பர், கைதட்டுவர், வீடு செல்வர். இசையும் நடனமும் நாடகமும் இடைநிலை வகுப்புக்களில் எல்லா மாணாக்கர்க்கும் உரிய கல்வியாதல் எங்ஙனம் என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஈழத்துத் தமிழ்ப் பாடசாலைகளையும், அவற்றின் வாயிலுக்குப் புறத்தே நெடுங்காலம் நின்ற நாட்டுக்கூத்தினையும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மூன்றும் பிரிந்த நிலை

இலங்கையில் சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், சித்திரம் என்பன தனித்தனிப் பாடங்களாக வகுக்கப்பெற்று, க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையில் தனித்தனி வினாத்தாள் பெற்றிருக்கின்றன. மாணவர் ஒருவர் அவற்றுள் ஒன்றனையே தெரிந்தெடுத்தல் வழக்கம். கலைகளைப் பரீட்சைப் பாடங்களாக மதித்தமை பெரியதொரு நன்மையே. அதனை யாரும் மறுக்கார். எனினும் அம்முறையால் விளைந்த குறையொன்று உண்டு. சங்கீதம் எடுத்த பிள்ளை அசையாதிருந்து பாடுகின்றது. நடனம் எடுத்த பிள்ளை பிறர் பாட்டுக்கு ஆடுகின்றது. தான் வாய் திறப்பதில்லை. நாடகம் எடுத்த பிள்ளையோ அரங்க வரலாற்றைக் குறிப்பேட்டில் எழுதி மனனஞ் செய்கின்றது. ஓருடம்பில் ஒருங்கே இயங்க வேண்டிய குரலும் காலும் கருத்தும் மூன்று அறைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன.

பண்டைநாளில் இக்கலைகள் இவ்வாறு பிரிந்து நின்றனவல்ல என்பதற்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை சான்று. மாதவி ஐந்தாம் வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அவளுக்குத் துணைநின்றோராக ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரை இளங்கோவடிகள் கூறுகின்றார். ஆடல் கற்பிப்போன் பாடலும் தாளமும் அவை ஆடலோடு இயையும் நெறியும் அறிந்தவனாதல் வேண்டுமென அக்காதை விதிக்கின்றது. ஆசிரியர் பலராயினும் அவர்தம் கலைகள் ஒன்றையொன்று அறிந்திருந்தன. எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கில், மூவகைத் திரையினிடையே, அக்கலைகள் அனைத்தும் ஒரு பெண்ணின்பால் வந்து கூடின.

ஆயினும் மாதவிக்குக் கிடைத்த ஆசிரியர் அறுவரும் ஏழாண்டும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தல் அரிது. அரசவையைச் சாராது, ஊர்மக்கள் பொருளாலும் உழைப்பாலுமே வளர்ந்ததொரு பள்ளி வேறுண்டு. அதுவே கூத்துக் களரி.

களரி என்னும் பள்ளி

மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மன்னார், வன்னி முதலிய இடங்களிற் கூத்து வழங்கிவருகின்றது. மட்டக்களப்பில் அது வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடியிற் பெரும்பாலும் பாரத இராமாயணப் போர்க்கதைகள் ஆடப்பெறும், ஆட்டம் மிடுக்குடையது. தென்மோடி இசைக்கு மிக்க இடந்தருவது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையூர்களிலும் கத்தோலிக்க மக்கள் எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி முதலியோர் கதைகளை இக்கலைவடிவிலேயே பாடியாடி வந்துள்ளனர். ஆகவே கூத்து ஒரு சமயத்தார்க்கே உரிய பொருளன்று.

கூத்தினைப் பயிற்றுவோர் அண்ணாவியார் எனப்படுவர். அவர் மத்தளம் முழக்குவார், தாளக்கட்டுச் சொல்லுவார், பாட்டைப் பாடிக்காட்டுவார், அடியெடுத்து ஆடிக்காட்டுவார், இன்ன பாத்திரம் இன்னவாறு நிற்கும் என்று உணர்த்துவார். நாம் மூன்று ஆசிரியரிடம் பகிர்ந்தளித்த தொழிலை அவர் ஒருவரே செய்கின்றார்.

அவர் பயிற்றும் முறை படிப்படியாக அமைந்தது. முதலில் ஊர்ப் பெரியோர் கூடி, இன்னார்க்கு இன்ன பாத்திரம் எனத் துணிந்து, அவ்வவர்க்குரிய பாட்டுப் பகுதியை வழங்குவர். இதற்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். பின்னர்ப் பல இரவுகள் ஆட்டமும் பாட்டும் பழகுவர். கால் ஒருவாறு பண்பட்டபின் சதங்கையணி விழா நிகழும். அதன்பின் முழுக்கூத்தையும் தொடர்ந்து ஆடிப்பார்ப்பது அடுக்குப் பார்த்தல். இறுதியில், வட்டமான களரியில், நாற்புறமும் ஊர்மக்கள் சூழ்ந்திருக்க, விடியும்வரை அரங்கேற்றம் நடைபெறும்.

இம்முறையில் ஆசிரியர்கள் உற்று நோக்கத்தக்கன மூன்று. ஒன்று, சதங்கை தொடக்கத்திலே தரப்படாமை. காலில் தாளம் ஊன்றிய பின்னரே அதன் ஒலி பிறர் செவிக்கு உரியதாகின்றது. அலங்காரத்திற்கு முன் அடிப்படை என்பதனைப் பிள்ளை தன் காலாலேயே அறிந்துகொள்கின்றது. இரண்டு, பிற்பாட்டு. கூத்தன் ஒருவன் பாடிய தருவை அருகில் நிற்போர் வாங்கிப் பாடுகின்றனர். ஆடுவோனுக்கு மூச்செடுக்க அவகாசம் கிடைக்கின்றது. பாடுங் குரல் வலியதன்றாயினும் கூட்டத்தின் துணையால் நிமிர்கின்றது. மூன்று, பாத்திரத்தின் இயல்பு அதன் வரவிலேயே தோன்றுதல். அரசனுக்கும் அமைச்சனுக்கும் அரக்கனுக்கும் தாளக்கட்டு வேறு, அடிவைப்பு வேறு. நடிப்பென்பது முகத்தைச் சுளிப்பதென்று எண்ணும் மாணவனுக்கு, நடையே நடிப்பென்று இது காட்டும்.

கல்விக்கூடத்துட் புகுந்த வரலாறு

1956ஆம் ஆண்டில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் பேராதனைப் பல்கலைக்கழகத்தாரைக் கொண்டு மனமே என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்னும் சிங்கள மரபே அதற்கு அடிப்படை. அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தை மாணாக்கர்க்குப் பயிற்றுவித்து, விடியவிடிய ஆடுவதனைச் சுருக்கி, ஒருபுறம் அவையோர் அமரும் மேடைக்கு ஏற்ப அமைத்தார். 1962ஆம் ஆண்டின் கர்ணன் போர் தொடங்கி வாலிவதை ஈறாக, நொண்டி நாடகமும் இராவணேசனும் உட்பட நான்கு கூத்துக்கள் இவ்வாறு உருப்பெற்றன. கற்றோர் இழித்துரைத்த கலையைக் கற்றோர் பிள்ளைகளே ஆடினர் என்பதே இம்முயற்சியின் பெரும்பயன்.

யாழ்ப்பாணத்தில் 1978ஆம் ஆண்டில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஆசிரியத் தொழில் புரிந்தவர். விளையாட்டும் பாட்டும் அசைவும் கலந்த சிறுவர் நாடகங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென எழுதினார். 1985ஆம் ஆண்டில் மேடையேறிய இவரது மண் சுமந்த மேனியர், போர் மக்களை வருத்திய காலத்தே அவர்தம் துயரை அரங்கிற் பேசியது. வாய்விட்டுச் சொல்லவொண்ணாத துன்பத்தைப் பலர் கூடிப் பாடியும் ஆடியும் வெளிப்படுத்தலாம் என்பதனை அக்காலத்து அரங்கு உணர்த்திற்று. கலைக்கல்வி ஒழிந்த நேரத்து அலங்காரம் என்பார் இதனைச் சிந்திப்பாராக.

வகுப்பறையிற் செய்யத்தக்கன

இனி, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை, தனிப்பாடம் தெரிவதற்கு முன்னரோ அதனோடு உடனாகவோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் கூத்துவழி மூன்று கலைகளையும் ஒருங்கு பயிற்றுமாறு கூறுவோம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிற்கு வாரம் ஒருமுறை இரண்டு பாடவேளைகள் சேர்ந்து கிடைப்பின் அமையும்.

முதற் றவணையில் மேசைகளை ஒதுக்கி வட்டமாக நிற்கச் செய்க. தாளக்கட்டை வாயாற் சொல்லுதல், கையால் தட்டுதல், காலால் மிதித்தல் என ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்குக. தாளம் தவறும் பிள்ளையைத் தனியே நிறுத்தித் திருத்தாது, உறுதியுடைய பிள்ளையின் அருகில் நிறுத்துக. வட்டமே அதனைத் திருத்தும்.

இரண்டாந் தவணையிற் பாட்டும் கதையும் வருக. கதை பாடநூலில் உள்ளதாயிருத்தல் நன்று. மனுநீதிச் சோழன் கதையைக் கொள்வோம். ஆராய்ச்சி மணியின் ஒலி, பசுவின் வரவு, அமைச்சர் தயக்கம், அரசன் துணிவு என நான்கு காட்சிகள் அதன்கண் உள. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தருவைத் தெரிந்த மெட்டில் மாணாக்கரே இயற்றுக. சீர் குறைந்தால் தாளம் இடறும். இடறியவுடன் சொல்லை மாற்றுவர். யாப்பிலக்கணத்தின் பயனை அதனினுந் தெளிவாக உணர்த்தும் பாடம் வேறில்லை. அரசன் பாத்திரத்தைக் காட்சிக்கு ஒருவராகப் பலர் தாங்குக. பிற்பாட்டு வகுப்பு முழுவதற்கும் உரியதாகுக.

ஈண்டு ஆண்பிள்ளைகளைக் குறித்து ஒன்று சொல்லல் வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதளவில் அவர்தம் குரல் உடைந்து தடிக்கும். நேற்று இனிமையாகப் பாடியவன் இன்று பிளிறக் கேட்டுத் தோழர் நகைப்பர். அவன் அன்றே வாய்மூடிப் பின் ஒருபோதும் பாடான். இவ்வயதிற் சுருதியைத் தாழ்த்தி, எட்டாத மேற்சுரங்களை விலக்கி, வசனமும் மத்தளமும் அவனுக்கு அளித்துப் பிற்பாட்டில் நிறுத்தினால் அவ்விடரை எளிதிற் கடப்பான்.

மூன்றாந் தவணையில் அடுக்குப் பார்த்தலும், அரைமணி நேர அரங்கேற்றமும் நிகழ்க. மேடை வேண்டா, முற்றத்து மரநிழலில் வட்டமாகப் பெற்றோர் அமர்ந்தாற் போதும். ஊர்க்கூத்திற் பெண்வேடமும் ஆடவரே தாங்குதல் பழைய மரபு. பள்ளியில் மாணவியரும் அரசரும் அமைச்சருமாய் ஆடுதல் தக்கதே.

தடைகளும் விடைகளும்

கூத்தாடுதல் இழிவென்பார் இன்னும் சிலர் உளர். அது சாதி நோக்கிப் பிறந்த இகழ்ச்சியேயன்றிக் கலை நோக்கிப் பிறந்ததன்று. பள்ளி அதற்கு இடந்தருமாயின், தன் கடமையிற் றவறியதாகும். கருநாடக இசையும் பரதமும் குன்றிவிடுமோ எனின், குன்றா. தாளத்தைக் காலால் அறிந்த பிள்ளை அவற்றை விரைந்து கற்கும்.

மூன்றும் வல்ல ஆசிரியர் யாண்டுளர் என்பதே வலிய வினா. நாட்டில் அண்ணாவியார் உளர். அவரிடம் பட்டமும் நற்சான்றிதழும் இல்லாதிருக்கலாம். தவணைக்கு ஆறு நாளேனும் அவரைத் தக்க ஊதியம் ஈந்து அழைத்து, பள்ளியாசிரியர் அருகிருந்து தாமும் கற்றல் வேண்டும். முதியவர் ஒருவர் மறையுங்கால் அவர் நாவிலிருந்த தாளக்கட்டும் மெட்டும் உடன் மறையும். அச்சிட்ட கூத்துநூல் சொல்லைக் காக்குமேயன்றி ஆட்டத்தைக் காவாது. ஆதலின் இது தாழ்த்தற்குரிய கருமம் அன்று.

புள்ளியிடுவது எவ்வாறு எனின், தாளத்தை விடாது பற்றினானா, பிறர் பாடுவதைக் கேட்டுத் தான் பாடினானா, தன் பாத்திரம் ஏன் அவ்வாறு நடந்தது எனத் தன் சொல்லால் விளக்கினானா என்னும் மூன்றும் நோக்குக. இவற்றுள் முதலிரண்டும் எழுத்துப் பரீட்சையில் அகப்படா; ஆயினும் கலையின் உயிர் அவற்றிலேயே உள்ளது.

பட்டம் பெற்று ஆசிரியராகச் செல்லவிருக்கும் மாணவ நண்பர்களே! நாற்பது பிள்ளைகளுள் ஐவரைத் தேர்ந்து விழாவை அழகுசெய்தல் எளிது. நாற்பதின்மரையும் ஒரு வட்டத்தில் நிறுத்தி ஒரு தாளத்தில் மிதிக்கச் செய்தல் அரிது. அரியதனையே நீவிர் மேற்கொள்வீராக. உம் ஊரில் அண்ணாவியார் ஒருவர் இருப்பின், வரும் விடுமுறையிலேயே அவர் வாயிலுக்குச் சென்று, ஒரு தாளக்கட்டேனும் கற்று வருக.