மலைப்பாதை ஜீப்பும் மாற்று எஞ்சினும்

கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் நெடுஞ்சாலை முண்டக்கயத்தைக் கடந்தபின் ஏறத் தொடங்கி, குட்டிக்கானம், பீர்மேடு வழியாக வண்டிப்பெரியாரை அடைகிறது. பெரியாற்றங்கரையிலுள்ள இவ்வூர் கடல் மட்டத்திற்கு மேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களின் லயங்களுக்குப் பிரியும் கரடுமுரடான பாதைகளில் தொழிலாளரையும் அரிசி, உர மூட்டைகளையும் சுமந்து செல்வது நெடுங்காலமாக ஜீப் வண்டியே. அதன் எஞ்சின் தளர்ந்து ஏற்றத்தில் திணறும்போது, வேறு வண்டியின் உறுப்புகளையோ முழு எஞ்சினையோ பொருத்திச் சக்தியைக் கூட்டிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. மலையோர ஒர்க்‌ஷாப்புகளில் இது புதிதன்று. ஆயினும் எஞ்சினின் சக்தி எந்த ஒரு தனி உறுப்பிலும் அடங்கியிருப்பதில்லை.

எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளிழுத்து, அதற்கேற்ற எரிபொருளை எரிக்கிறதோ அவ்வளவே அதன் சக்தி. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. சமவெளியில் 75 குதிரைச் சக்தி தரும் பெட்ரோல் எஞ்சின் அங்கே 67 அல்லது 68-க்கு மேல் தராது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாததால் கலவை செறிவுற்றுப் புகையும் மிகும். கார்புரெட்டரின் ஜெட்டைச் சரிசெய்வதாலேயே தீரக்கூடிய குறைக்கு எஞ்சினைக் கழற்றுவோரும் உளர்.

உறுப்பு மாற்றத்திற்கு ஜீப்பின் வரலாறே நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இருந்த ‘கோ-டெவில்’ எஞ்சின் 60 குதிரைச் சக்தி உடையது. அதில் உள்வழி, வெளிவழி வால்வுகள் இரண்டும் பிளாக்கிலேயே இருந்தன. பின்னர் வந்த ‘ஹரிக்கேன்’ எஞ்சினில் சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் செல்லும் தூரமும் மாறவில்லை. கொள்ளளவு அதே 2,199 கன செண்டிமீட்டர். உள்வழி வால்வைப் பெரிதாக்கி மேலே சிலிண்டர் தலைக்குக் கொண்டுசென்றதே முக்கிய மாற்றம். காற்று தாராளமாக நுழைந்தது. சக்தி 75 ஆயிற்று. ஆனால் பிளாக்கையும் புதிதாக வார்க்க நேர்ந்தது. எஞ்சின் உயர்ந்ததால் அதை மூட முகப்பையும் உயர்த்தினர். 1953-இல் வெளிவந்து, இந்தியாவில் மஹிந்திரா நிறுவனத்தாராலும் தயாரிக்கப்பட்ட சி.ஜே. 3பி ஜீப்பின் உயர்ந்த முகப்பு அவ்வாறு உண்டானதே.

அம்பாசிடர் காரின் 1,489 கன செ.மீ. எஞ்சினும், எம்.ஜி.ஏ. என்னும் ஆங்கிலேயப் பந்தயப் பாங்குக் காரின் எஞ்சினும் ஒரே குடும்பத்தவை, கொள்ளளவும் ஒன்றே. முன்னது ஏறத்தாழ 55, பின்னது 72 வரை குதிரைச் சக்தி தந்தன. இரட்டைக் கார்புரெட்டர், உயர்ந்த அழுத்த விகிதம், வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் காம் தண்டு ஆகியவை கூடியே அந்த வேறுபாட்டை உண்டாக்கின. ஆனால் அச்சக்தி நிமிடத்திற்கு 5,500 சுற்றில் கிடைப்பது. தோட்டப் பாதையில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு அதனால் பயனில்லை. அத்தகைய காம் தண்டு மெதுவான ஓட்டத்தில் இழுவையைக் குறைக்கவும் செய்யும்.

ஒரே குடும்பத்தைச் சேராத உறுப்புகளை இணைப்பதில் அபாயம் மிகுதி. ஹரிக்கேன் எஞ்சினின் ஒரு சிலிண்டர் 550 கன செ.மீ. கொண்டது, அழுத்த விகிதம் 6.9. எனவே பிஸ்டன் உச்சியை அடைகையில் மேலே எஞ்சும் இடம் சுமார் 93 கன செ.மீ. மட்டுமே. பின்னுக்கு மேலே ஒரேயொரு மில்லிமீட்டர் உயரம் மிகுந்த பிஸ்டனைப் பொருத்தினால் அவ்விடம் 5 கன செ.மீ. குறைந்து விகிதம் 7.2-ஐத் தாண்டும். உயரம் இன்னும் மிகுந்தால், பாரமேற்றி ஏறும்போது எஞ்சினில் ‘தட்டல்’ கேட்கும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டனின் தலை பொத்தலாகும்.

முழு எஞ்சினை மாற்றுவோர் பெரும்பாலும் டீசலையே நாடினர். பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின் 2,112 கன செ.மீ. கொள்ளளவும் 62 குதிரைச் சக்தியும் உடையது. அதாவது பழைய பெட்ரோல் எஞ்சினிலும் குறைவு. எரிபொருட் செலவு குறைந்ததே அதன் ஆதாயம். டிராக்டர் எஞ்சின் மரபில் வந்த 2,523 கன செ.மீ. மஹிந்திரா டீசலும் அக்காலத்தில் 75-ஐ எட்டவில்லை. ஆயினும் குறைந்த சுற்றிலேயே நிறைந்த முறுக்கு விசை தருவதால் மலை ஓட்டுநர்கள் அதை விரும்பினர். ஏற்றத்தில் கேட்கப்படுவது குதிரைச் சக்தியன்று, முறுக்கு விசையே என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

ஏறுவதைவிட இறங்குவதே கவலைக்குரியது. பாரத்துடன் 2,000 கிலோ எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் 98 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். ஏறத்தாழ 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். (வகுப்பில் மாணவர்களைக் கொண்டே போடத்தக்க கணக்கு இது.) கீழ்க்கியரில் எஞ்சின் தாங்கிக்கொள்ளாத பங்கு முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிறது. பழைய ஜீப்பின் 9 அங்குல டிரம்கள் அதன் சொந்த எஞ்சினுக்கும் எடைக்கும் ஏற்ப அமைந்தவை. கனத்த டீசல் எஞ்சினை முன்னே வைத்து, அதன் இழுவையை நம்பிப் பாரத்தையும் கூட்டினால், டிரம் சுட்டுப் பிடிப்பு தளரும். பின்னே அமர்ந்திருக்கும் தொழிலாளருக்கு இது தெரிய வழியில்லை. எஞ்சினை மாற்றுபவர் கிளட்சையும் ரேடியேட்டரையும் பிரேக்கையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அம்பாசிடரில் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினை அமைத்தபோது ஐந்து கியர் பெட்டியையும் உடன் சேர்த்தது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. எஞ்சினை மாற்றப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆகவே தோட்டத்து வண்டியைப் பார்வையிடும் களப்பணியாளர் முதலில் பார்க்க வேண்டியது, பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண்ணும் சான்றிதழிலுள்ள எண்ணும் ஒன்றா என்பதையே. அடுத்தது பிரேக் டிரம்.