சொந்தமாக நூல் வெளியிட்டால் பதிப்பகம் தேடி வருமா?

வாசகர் கூட்டம் சேர்ந்திருந்தால் வரும். கேரளத்தில் அதற்கு அண்மைச் சான்று ஆலப்புழைக்காரரான அகில் பி. தர்மஜன்.

'ஓஜோ போர்டு' நாவலை அவர் முகநூலில் தொடராக எழுதினார். அச்சில் கொண்டுவரப் பதிப்பகம் அமையாததால் தானே பதிப்பாளரானார். சென்னையைக் களமாகக் கொண்ட அவருடைய 'ராம் கேர் ஆஃப் ஆனந்தி'யை 2020இல் டி.சி. புக்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. பழைய நாவலும் பிறகு அங்கேயே மறுபதிப்பு கண்டது. 2025இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது.

கேரளத்துக்கு இந்த வழி பழையது. எறணாகுளத்தில் புத்தகக் கடை நடத்திய எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர், தன் நூல்களைத் தானே வெளியிட்டு வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர்.

எது கைகொடுத்தது?

ஆங்கிலத்தில் எழுதும் அமிஷ் திரிபாதியின் 'மெலூஹாவின் அமரர்கள்' நாவலைப் பதிப்பகங்கள் வரிசையாக நிராகரித்தன. 2010இல் தன் முகவரின் துணையோடு அவரே அதை வெளியிட்டார். முதல் அத்தியாயத்தை மட்டும் சிறு நூலாக அச்சடித்து, புத்தகக் கடைகளில் பில் போடும் இடத்தில் இலவசமாகக் கொடுக்கச் செய்தார். படித்தவர்கள் முழு நூலைக் கேட்டு வந்தார்கள். பிறகு வெஸ்ட்லேண்ட் பதிப்பகம் அதை ஏற்று நாடெங்கும் கொண்டுசென்றது.

பதிப்பாளர் ஏன் தயங்குகிறார்?

தாள், அச்சு, கடைக் கழிவு, விற்காமல் திரும்பும் பிரதிகள் எல்லாம் அவர் பணம். புதியவரின் நூல் விற்குமா என்பது வெறும் ஊகம். ஏற்கெனவே விற்ற நூல் அந்தப் பயத்தைக் குறைக்கிறது. உறவினர்களோடு விற்பனை நின்றுபோன நூலோ அதைக் கூட்டிவிடும்.

கவனிக்க வேண்டியவை

பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தரும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. கையெழுத்துப் போடுமுன் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று பாருங்கள். மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் உங்களிடமே இருந்தால்தான் நாளை ஒரு பதிப்பகத்தோடு பேச முடியும். கையிருப்பு முழுவதையும் அச்சுக்கே கொட்டினால், நூலை வாசகரிடம் சேர்க்க ஒன்றும் மிஞ்சாது.

எழுதுவதோடு விற்கவும் இறங்கத் தயாராக இருப்பவர் துணிந்து வெளியிடலாம். அதற்கு மனமில்லாதவர் பிரதியை இன்னொரு முறை செப்பனிட்டு, அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்புவதே நல்லது.