மேவ் ராணி நிற்கும் மலை

அயர்லாந்தின் வடமேற்கில், ஸ்லைகோ நகருக்கு மேற்கே, அட்லான்டிக் கடலோரமாகத் தனித்து நிற்கிறது நாக்னரே. உயரம் 327 மீட்டர்தான். மலை என்று சொல்லவே சிலர் யோசிப்பார்கள். ஆனால் அதன் தட்டையான சுண்ணாம்புக்கல் உச்சியில் ஒரு கற்குவியல் இருக்கிறது. சுமார் 55 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம். நெடுந்தொலைவிலிருந்தே மலையின் திமில்போலத் தெரியும்.

அதற்குள் மேவ் ராணி இருக்கிறாளாம். படுத்தல்ல, நின்றபடி, கையில் ஈட்டியோடு, பகை நாடான அல்ஸ்டரை முறைத்துக்கொண்டு.

கொனாக்ட் நாட்டு அரசி இவள். யாருக்குச் சொத்து அதிகம் என்று கணவன் அலிலோடு படுக்கையில் வாக்குவாதம். எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரிசமம், அவனுடைய வெண்கொம்புக் காளையைத் தவிர. அந்தக் காளையும் அவள் மந்தையில் பிறந்ததுதான். ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக இருக்க மனமில்லாமல் அரசனின் மந்தைக்குப் போய்விட்டதாம்! அதற்கு ஈடான பழுப்புக் காளை அல்ஸ்டரில் இருந்தது. கேட்டுக் கிடைக்காததால் படை கிளம்பியது. எதிர்த்து நின்றவன் கூஹுலின் என்ற இளைஞன் ஒருவன்தான். ஐரிஷ் மொழியின் புகழ்பெற்ற பழங்காப்பியமே இந்த ஆநிரைப் போர்தான்.

கணக்குதான் இடிக்கிறது. கதை மேவை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வைக்கிறது. குவியலோ புதிய கற்காலத்தது, சுமார் 5,000 ஆண்டுப் பழையது. உள்ளே நடைவழியுள்ள கல்லறை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். முறையாக யாரும் அகழ்ந்ததில்லை. அகழாமல் விட்டதே நல்லது என்பேன். ராணி இல்லை என்று நிரூபித்து யாருக்கு என்ன லாபம்?

ஏறுவது கடினமல்ல. ஸ்ட்ராண்ட்ஹில் பக்கமாகவும் எதிர்ப்புறமாகவும் பாதை உண்டு. சேற்று நிலத்தில் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். காற்றுதான் ஆளைத் தள்ளும். மேகம் விலகினால் வடக்கே பென்புல்பன் மலை, கீழே கடற்கழிகள், பாறைக்கரை தாண்டி அட்லான்டிக்.

அடிவாரத்திலிருந்து கல்லொன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் நல்லது நடக்கும், எடுத்துவந்தால் கெடும் என்பது ஊர் நம்பிக்கை. கற்களைக் காத்தது இந்தப் பயமாகவும் இருக்கலாம். இப்போதைய பகை அல்ஸ்டரிலிருந்து வருவதில்லை, மலையேறுவோரின் காலணிகளிலிருந்துதான். குவியல்மேல் ஏறி ஏறிக் கற்கள் சரிகின்றன. ஏறாதீர்கள் என்று அறிவிப்புப் பலகை கெஞ்சுகிறது. சுற்றி வந்து பார்த்தாலே போதும். இறங்கியபின் கால் வலித்தால், ஸ்ட்ராண்ட்ஹில் கடற்கரையில் வெந்நீரில் கடற்பாசி போட்ட குளியல் கிடைக்கும்.